சராசரி ஒன்றே போதுமா?

நாஞ்சில் நாட்டு நெல்வயல்களைப் பற்றிப் பேசுங்கால் சுசீந்திரத்தை நினையாதிருத்தல் அரிது. தாணுமாலயன் கோயிலின் கோபுரம், அருகே ஓடும் பழையாறு, பறவைகள் வந்து தங்கும் குளம், அதனை அடுத்துள்ள வயல்கள் ஆகியவை ஒருங்கே அமைந்த ஊர் அது. 1906-இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையும், அதன்பின் எழுந்த பெருஞ்சாணி அணையும் கோதையாற்றுப் பாசனத்தின் வாயிலாக இந்நாட்டுக்கு நீர் வழங்குகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூ நெல் விளைவது இங்குள்ள வழக்கம்.

அறுவடை முடிந்ததும் எவ்வூரிலும் எழும் கேள்வி ஒன்றே: "இந்தப் பூ எப்படி?" அதற்கு ஊராட்சிக் கூட்டத்தில் வரும் விடை பெரும்பாலும் ஓர் எண்ணாகவே இருக்கும்: "சராசரியாக ஏக்கருக்கு இவ்வளவு கண்டுமுதல்." அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு நாம் அடுத்த பொருளுக்குச் சென்று விடுகிறோம். ஆயின், அந்த எண் யாருடைய வயலின் எண்? தலைமடைக்காரருடையதா, கடைமடைக்காரருடையதா? இருவரையும் சேர்த்து ஓர் எண்ணால் சொல்லும்போது, மறைந்து போவது எது? பள்ளிக் கணக்கில் நாம் கற்று மறந்த சில அளவைகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மூன்று நடு அளவைகள்

பிள்ளைகளுக்குச் சராசரியைக் கற்பிக்கச் சூத்திரம் வேண்டுவதில்லை, புளியங்கொட்டை போதும். தரையில் இரண்டு, நான்கு, ஒன்பது என மூன்று குவியல் வையுங்கள். பெரிய குவியலிலிருந்து எடுத்துச் சிறியவற்றில் இட்டு மூன்றையும் சமமாக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து வரும். இவ்வாறு நிரவிய அளவே கூட்டுச் சராசரி. எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தாலும் இதே விடை கிடைக்கும்.

அடுத்து, வகுப்புப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துங்கள். சரி நடுவில் நிற்கும் பிள்ளையின் உயரமே இடைநிலை. அவருக்கு இருபுறமும் சம எண்ணிக்கையில் பிள்ளைகள் நிற்பர். மிகுதியான பேருக்குப் பொதுவாக அமைந்த அளவு எதுவோ, அது முகடு.

இம்மூன்றும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு தெருவில் ஏழு விவசாயிகள் உள்ளதாகக் கொள்வோம். அவர்களுடைய நிலம் முறையே 20, 25, 30, 35, 40, 50, 500 சென்ட். மொத்தம் 700 சென்ட். ஆகவே சராசரி 100 சென்ட், அதாவது ஓர் ஏக்கர். "இத்தெருவில் ஆளுக்கு ஓர் ஏக்கர் நிலம் உண்டு" என்று அறிக்கை எழுதினால் கணக்கில் பிழை இல்லை. ஆனால் எழுவரில் அறுவருக்கு அரை ஏக்கருக்கு மேல் நிலம் இல்லை! இடைநிலையோ 35 சென்ட். தெருவின் உண்மை நிலைக்கு அருகில் நிற்பது அந்த 35-தான். ஒரே ஒரு பெரிய எண் சராசரியைத் தன்பால் இழுத்துவிடும். இடைநிலையை அவ்வாறு இழுக்க இயலாது.

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு சாகுபடிப் பிடிப்பின் சராசரிப் பரப்பு இந்தியாவில் 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். இவ்வெண்களும் சராசரிகளே என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ஊரில் ஒரு திட்டம் வகுக்கும்போது, மாநிலச் சராசரியைப் பாராது, நம் ஊர் வரிசையின் நடுவில் நிற்பவர் யார் என்று பார்ப்பதே முறை.

பரவலை அளத்தல்

இனி வயலுக்கு வருவோம். இரண்டு பாசனப் பரப்புகளில் ஐந்தைந்து வயல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட சதுரத்தை அறுத்து, நெல்லை நிறுத்ததாகக் கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்தவை.

முதற் பரப்பு: 13, 12, 12, 12, 11 கிலோ.
இரண்டாம் பரப்பு: 16, 15, 13, 10, 6 கிலோ.

இரண்டிலும் மொத்தம் 60. சராசரி 12 கிலோ. அச்சதுரம் ஒரு ஹெக்டேரில் நானூற்றில் ஒரு பங்காதலால், 12-ஐ 400-ஆல் பெருக்க ஹெக்டேருக்கு 4,800 கிலோ என்றாகும். சராசரியை மட்டும் காண்பவருக்கு இரு பரப்பும் ஒன்றே. ஆனால் இரண்டாம் பரப்பின் எண்கள் தலைமடையிலிருந்து கடைமடை வரை வரிசையாய் இறங்குவதைக் காணுங்கள். கடைசி வயலில் 6 கிலோ. ஹெக்டேருக்கு 2,400 கிலோவே. நீர் அங்குச் சென்று சேரவில்லை என்பதற்கு இது ஒரு சான்று ஆகலாம்.

இவ்வேற்றுமையை அளக்க மூன்று வழிகள் உள.

முதலாவது வீச்சு. மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழிப்பது. முதற் பரப்பில் 2, இரண்டாவதில் 10. எளிது, ஆனால் இரு கோடிகளை மட்டுமே பார்க்கும்.

இரண்டாவது சராசரி விலக்கம். ஒவ்வொரு வயலும் 12-இலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று காண வேண்டும். இரண்டாம் பரப்பில் மேலே 4, 3, 1. கீழே 2, 6. மேலும் கீழுமாக உள்ளவற்றை அப்படியே கூட்டினால் ஒன்றையொன்று தின்று பூச்சியமாகும். எனவே திசையை விட்டு அளவை மட்டும் கூட்டுகிறோம்: 16. ஐந்தால் வகுக்க 3.2 கிலோ. முதற் பரப்பிலோ 0.4 கிலோவே.

மூன்றாவது திட்ட விலக்கம். விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் காண்பது. இரண்டாம் பரப்பில் 16, 9, 1, 4, 36; மொத்தம் 66; வகுக்க 13.2, மூலம் ஏறத்தாழ 3.6. முதற் பரப்பில் ஏறத்தாழ 0.6. பெரிய விலகலுக்கு இம்முறை மிகுந்த நிறை தருகிறது. கடைமடையின் 6 கிலோ இங்கே தன் குரலை உரக்க எழுப்புகிறது. புள்ளியியலார் பெரிதும் கையாள்வது இதனையே.

அணா மதிப்பிலிருந்து அறுவடைச் சோதனைக்கு

முற்காலத்தில் விளைவை மதிப்பிட்டது கண்ணே. பதினாறு அணா விளைவில் இவ்வாண்டு இத்தனை அணா என்று கிராம அதிகாரி எழுதுவார். கண்மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். 1920-களில் பீகார், ஒரிசாப் பகுதியில் ஹப்பக் என்னும் அதிகாரி, குருட்டுவாக்கில் இடம் தேர்ந்து சிறு சிறு துண்டுகளை அறுத்து நெல் விளைவை மதிப்பிடும் முறையை ஆய்ந்தார். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பேராசிரியர் மகலனோபிஸும், வேளாண் புள்ளியியல் அறிஞர் சுகாத்மேயும் 1940-களில் இம்முறையை வளர்த்தனர். அறுக்கும் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. துண்டு மிகச் சிறிதானால் எல்லையோரக் கதிர்களையும் உள்ளே சேர்த்து விடுவதால் விளைவு மிகையாகத் தோன்றும் என்பதே அதிலுள்ள இடர்.

இது அறிஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இச்சோதனையின் மேல் நிற்கிறது. சென்ற ஏழாண்டுகளில் நல்ல விளைவு கண்ட ஐந்தாண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் நூற்றுக்கு 70, 80 அல்லது 90 பங்கை வரம்பு விளைவாகக் கொள்வர். இவ்வாண்டின் ஊர்ச் சராசரி அவ்வரம்பிற்குக் கீழே இறங்கினால்தான் விளைவிழப்புக்கு இழப்பீடு.

ஐந்தாண்டுச் சராசரி 5,000 கிலோ என்றும், வரம்பு நூற்றுக்கு 80 என்றும் கொள்வோம். வரம்பு விளைவு 4,000 கிலோ. நம் இரண்டாம் பரப்பின் சராசரி 4,800. எனவே இழப்பீடு இல்லை. 2,400 கிலோ மட்டும் கண்ட கடைமடைக்காரருக்கும் இல்லை! மாறாக, ஊர்ச் சராசரி 3,200 ஆனால் குறைவு 800. வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வாண்டு காப்பீடு செய்த அனைவருக்கும், நன்கு விளைந்தவர் உட்பட, காப்பீட்டுத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். சில இடர்களுக்கு மட்டும் தனி வயலைப் பார்வையிட்டு மதிப்பிடும் ஏற்பாடு உண்டு. மற்றபடி சராசரியே நடுவர்.

எந்த நான்கு வயல்கள்?

இத்திட்டத்தில் முக்கியப் பயிருக்கு ஓர் ஊராட்சியில் குறைந்தது நான்கு அறுவடைச் சோதனைகள் வேண்டும் என்பது விதி. இங்கேதான் பரவல் தன் முழு வலிமையையும் காட்டுகிறது.

முதற் பரப்பின் ஐந்து வயல்களில் எந்த நான்கை எடுத்தாலும் சராசரி 11.75-க்கும் 12.25-க்கும் இடையில் நிற்கும். இரண்டாம் பரப்பில் மேல் நான்கை எடுத்தால் 13.5, கீழ் நான்கை எடுத்தால் 11. ஹெக்டேர்க் கணக்கில் 5,400-க்கும் 4,400-க்கும் உள்ள வேறுபாடு. ஒரே ஒரு வயல் மாறியதால் ஆயிரம் கிலோ மாறுகிறது! பரவல் குறைந்த ஊரில் சில சோதனைகளே உண்மையை உரைக்கும். பரவல் மிகுந்த ஊரில் ஒவ்வொரு தேர்வும் ஊரார் வாழ்வைத் தொடும்.

ஆகவேதான் வயலைக் குலுக்கல் எண்களைக் கொண்டு தேர்கின்றனர். சாலையோரத்து வயல் எளிது என்று அதனைக் காட்டுவதும், இழப்பீட்டை நாடி நலிந்த வயலுக்கு ஆளை அழைத்துச் செல்வதும் ஒரே தவறின் இரு முகங்கள். இன்று தாழ்த்திக் காட்டிய விளைவு, நாளை ஏழாண்டுக் கணக்கில் ஏறி வரம்பையே தாழ்த்திவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊராட்சி செய்யத் தக்கவை

முதலாவது, விளைவுக் கணக்கு வரும்போது, "சராசரி எவ்வளவு?" என்பதோடு, "மிகக் குறைந்தது எவ்வளவு, அது எந்த மடையில்?" என்றும் உறுப்பினர் கேட்க வேண்டும். அவ்விடத்தை வரைபடத்தில் குறித்தால் எந்த வாய்க்காலை முதலில் தூர் வாருவது என்பது தெளிவாகும்.

இரண்டாவது, கன்னிப்பூவையும் கும்பப்பூவையும் ஒரே சராசரியில் கலத்தலாகாது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் வேறு. அவற்றின் இடர்களும் வேறு.

மூன்றாவது, பரப்பு வேறுபட்டால் வெறும் சராசரி பிழைபடும். ஓர் ஏக்கரில் ஏக்கருக்கு 2,400 கிலோவும், மூன்று ஏக்கரில் ஏக்கருக்கு 1,600 கிலோவும் கண்டால் ஏக்கர்ச் சராசரி 2,000 ஆகாது. மொத்த நெல் 7,200; மொத்தப் பரப்பு நான்கு ஏக்கர்; விடை 1,800.

நான்காவது, அறுவடைச் சோதனை நடைபெறும் நாளில் உறுப்பினரும் விவசாயிகளும் அருகிருந்து காண்க. ஊர்ப் பள்ளி மாணவரையும் அழைத்து வந்தால், புத்தகக் கணக்கு வயல்வரப்பில் உயிர் பெறும்.

பயிற்சி

ஏக்கருக்கு ஐந்தாண்டு விளைவு, குவிண்டாலில்:
அ என்பவர்: 18, 20, 19, 21, 22.
ஆ என்பவர்: 28, 12, 25, 10, 25.

சராசரி, இடைநிலை, வீச்சு, சராசரி விலக்கம் காண்க. ஆண்டுதோறும் தவணை கட்ட வேண்டிய கடன் இருவருள் யாருக்கு மிகுந்த சுமையாகும்?

விடை: இருவர்க்கும் சராசரி 20. இடைநிலை 20, 25. வீச்சு 4, 18. சராசரி விலக்கம் 1.2, 7.2. ஆ என்பவரின் நடு ஆண்டு அ என்பவரின் நடு ஆண்டை விடச் சிறந்ததே. எனினும் 10 குவிண்டால் கண்ட ஆண்டிலும் தவணை குறையாதாகலின், சுமை அவருக்கே மிகுதி. சேமிப்பும் காப்பீடும் அவருக்கே முதலில் வேண்டும்.