மூணு இன்ச் யாருக்கு?

கோயம்புத்தூரில் டர்போ கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சைலன்சர் குழாயில் வந்து நிற்கும். "எத்தன இன்ச் போட்டிருக்கீங்க?" என்னிடம் இருப்பது ஃபியட் லீனியா டி-ஜெட். 1.4 லிட்டர் பெட்ரோல். கம்பெனியிலிருந்து வரும்போது 114 குதிரைத்திறன். அதற்குக் குழாய் மாற்றியபோதும், பிறகு நண்பர்களின் போலோ, ஆக்டேவியா வண்டிகளுக்காகப் பட்டறையில் கூட நின்றபோதும் தெரிந்துகொண்டவை இவை.

"எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணுங்க, இல்லாட்டி இழுவை போயிரும்" என்று பல பட்டறைகளில் சொல்வார்கள். பேக் பிரஷர் என்றால் வெளியேறும் புகையைக் குழாய் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம். டர்போ இல்லாத வண்டியில் அப்படித் தோன்றக் காரணம் உண்டு. அங்கே ஒவ்வொரு சிலிண்டரும் தள்ளும் புகை அலையலையாக ஓடி, அடுத்து வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் தேவைக்கு மேல் பெருத்தால் ஓட்டம் மந்தமாகி அந்த இழுப்பு கெடும். டர்போ வண்டியில் அந்த அலைகளைப் பெரும்பாலும் டர்பைனே தின்றுவிடுகிறது. டர்பைன் சுற்றுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தால். பின்னால் அழுத்தம் குறையக் குறைய அது சீக்கிரம் வேகமெடுக்கும். ஆகவே டர்போவுக்குப் பிந்தைய குழாயில் பேக் பிரஷர் செய்யும் நல்ல காரியம் என்று எதுவும் இல்லை.

அப்படியானால் எல்லாரும் மூணு இன்ச் போட்டுவிடலாமே? இங்கேதான் கணக்கு வருகிறது. எஞ்சின் வல்லுநர் டேவிட் விசார்டின் எழுத்துகள் வழியே பரவிய ஒரு தோராய விதி உண்டு: ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி ஓட்டம் வேண்டும். நேரான குழாயின் ஒரு சதுர அங்குல வாய் சுமார் 115 கன அடியை விடும். ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றிய, என் வண்டிக்கு 150 குதிரைத்திறன் என்று வைத்தால் 330 கன அடி, அதாவது 2.9 சதுர அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உள்விட்டம் இரண்டு இன்ச்கூடத் தேவையில்லை. டர்போ என்பதால் ஒரு படி மேலே போய் இரண்டேகால், தாராளமாக இரண்டரை. மூணு இன்ச் 300 குதிரைத்திறன் வண்டிக்கான அளவு. 230 குதிரைத்திறனில் வந்த ஆக்டேவியா ஆர்.எஸ்ஸை இன்னும் ஏற்றப் போகிறவர் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு லிட்டர் போலோவுக்கு அது வெறும் எடையும் சத்தமும்தான்.

கடையில் இரண்டரை என்று சொல்வது வெளிவிட்டம். தகடு 1.5 மி.மீ. என்றால் 63.5-இல் 3 கழிந்து உள்ளே 60.5 மி.மீ. மிஞ்சும். அதைவிடப் பெரிய இழப்பு வளைவில். சாதாரண மெஷினில் வளைத்தால் குழாய் சப்பையாகிவிடும். சப்பையான இரண்டரையைவிட, மேண்ட்ரல் போட்டு வட்டம் கெடாமல் வளைத்த இரண்டேகால் நன்றாக ஓடலாம். வெர்னியரைக் கையோடு கொண்டுபோய் வளைவில் அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். பட்டறைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

எதையும் வெட்டும் முன் அழுத்தத்தை அளப்பதுதான் நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது. பெரும்பாலான வண்டிகளில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (சுருக்கமாக 'கேட்') முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கும். சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் நீளமான செப்புக் குழாயுடன் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஒருமுறை பாருங்கள். முன் ஓட்டையில் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் குழாயைத் தொடவே வேண்டாம். அதிகம் இருந்தால் பின் ஓட்டையிலும் பாருங்கள். நண்பரின் ஆக்டேவியாவில் அழுத்தம் முழுவதும் கேட்டுக்கு முன்னால்தான் நின்றது. பின்பகுதிக்கு என்று எடுத்துவைத்திருந்த பணம் மிச்சம்.

செலவழிக்கத் தகுந்த இடம் டவுன்பைப், அதாவது டர்போவை ஒட்டிய முதல் துண்டு. புகை அங்கேதான் மிகவும் சூடாக, மிகவும் விரிந்து இருக்கிறது. 800 டிகிரியில் கிளம்பும் புகை 400-க்கு ஆறினால் அதன் கன அளவு முக்கால் பங்குக்கும் குறைந்துவிடும். அதனால்தான் முன்னால் இரண்டரை, பின்னால் இரண்டேகால் என்று போட்டாலும் பாதகமில்லை. கேட்டையே பிடுங்கி எறிவது வேறு கதை. எஞ்சின் விளக்கு எரியும், புகைச் சோதனையில் மாட்டுவீர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் குறுக்கே நிற்கும். தாராளமாக விடும் நல்ல கேட் வாங்குங்கள்.

பெரிய குழாயின் தொல்லை நெடுஞ்சாலையில்தான் தெரியும். நாலு சிலிண்டர் எஞ்சின் 2,400 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 80 முறை வெடிக்கிறது. மூணு சிலிண்டர் 60 முறை. அந்த உறுமல் காருக்குள் தேங்கினால் சேலம் போய்ச் சேருவதற்குள் தலைவலி வந்துவிடும். நடுவில் உறுமலை அடக்கும் ஒரு ரெசொனேட்டருக்கு இடம் விடச் சொல்லுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே குழாய் போகும் வழியையும் பாருங்கள். பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் நிறைந்த ஊரில் ஒரு இன்ச் இடைவெளி பெரிய விஷயம்.

ரீமேப்பைக் குழாய் வேலை முடிந்தபின் செய்யுங்கள். பேக் பிரஷர் குறைந்ததும் சில டர்போக்களில் வேஸ்ட்கேட் (டர்பைனைத் தவிர்த்துப் புகையை வெளியே விடும் கதவு) முழுக்கத் திறந்தும் போதாமல், ஆர்.பி.எம். ஏற ஏற பூஸ்ட் தானாகவே எகிறும். முதல் சில ஓட்டங்களில் பூஸ்ட் கேஜைப் பார்க்க பக்கத்து சீட்டில் ஓர் ஆளை உட்காரவையுங்கள். குறித்த அளவைத் தாண்டினால் காலை எடுத்துவிட்டு, வேஸ்ட்கேட் ஓட்டையைப் பெரிதாக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.