முழங்காலின் சுமை

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,



பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த ஒரு தாயார், "ஐயா, முழங்கால்போட்டு ஜெபித்து இரண்டு வருஷமாச்சு. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்பாரா?" என்று கண்ணீரோடு எங்களிடம் கேட்டார்கள். உட்கார்ந்தும் ஜெபிக்கலாம், படுத்தும் ஜெபிக்கலாம் என்று ஆறுதல் சொன்னோம். ஆனால் எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னபோது அவர்கள் முகம் வாடிவிட்டது. "வாயைக் கட்டும்மா" என்று ஊரிலும் சபையிலும் கேட்டுக் கேட்டு நொந்திருந்தார்கள். போஜனப்பிரியத்தைக் கண்டித்து நாங்களும் பிரசங்கித்ததுண்டு. அப்போது யார் தலைகுனிந்தார்கள் என்று கவனியாமற்போனோம். ஆகவே இந்த இதழின் பாடம் முழங்காலைப் பற்றியது.

எடை என்ன செய்கிறது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேருமிடத்தில், இரண்டின் நுனியையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நம் ஜனங்கள் இதையும் 'ஜவ்வு' என்றே சொல்லுகிறார்கள். இதில் நரம்பும் இரத்தக்குழாயும் இல்லை. ஆகவே தேயும்போது இதற்கு வலிப்பதில்லை. தேய்ந்தபின் திரும்ப வளர்வதும் அரிது. வலி தெரியும் நேரத்தில் தேய்மானம் முற்றியிருப்பதுண்டு.

உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் கண்டார்கள். அப்படியானால் 5 கிலோ குறைப்பது, இரண்டு சிறு குடம் தண்ணீரை ஒவ்வோர் அடியிலும் இறக்கிவைப்பதற்குச் சமம். பாரம் மாத்திரமல்ல, உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் சில இரசாயனங்களும் மூட்டில் அழற்சியை உண்டாக்குகின்றன. உடற்பாரத்தைச் சுமக்காத விரல் மூட்டுகளும் பருமனானவர்களுக்கு அதிகம் தேய்வதற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் நகரில் நடந்த நீண்டகால ஆராய்ச்சியில், பத்து வருஷத்தில் சுமார் 5 கிலோ குறைத்த பெண்களுக்கு மூட்டுத் தேய்மான நோய் வரும் வாய்ப்பு பாதிக்குமேல் குறைந்ததென 1992-ல் வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் செய்தி இது!

எல்லா வலியும் எடையால் அல்ல

நம்முடைய தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் பல. அந்தத் தண்ணீரை வருஷக்கணக்காகக் குடித்தவர்களுக்கு, ஒல்லியாயிருந்தாலும், மூட்டுகள் இறுகி வலிக்கும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆகவே எடையைக் காரணம் காட்டுமுன் டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால் தாமதிக்க வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

செய்யக்கூடியவை

1. சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறி, கீரை, பயறு வகைகளைக் கூட்டுங்கள். கேழ்வரகுக் களி நல்லதே. அதற்கும் அளவு வேண்டும்.

2. டீயில் சர்க்கரையையும், அதனோடு வரும் போண்டா, பிஸ்கட்டையும் குறையுங்கள்.

3. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துமுறை. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும்.

4. சமதரையில் தினமும் நடங்கள். வலிக்குப் பயந்து படுத்தேயிருந்தால் தசை மெலியும்.

5. குத்துக்காலிட்டு உட்காருவதைத் தவிருங்கள்.

வேதம் காட்டும் வழி

ஏசாயா 35-ம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி, பெலனற்ற முழங்கால்களுக்குத் திடன் கொடுக்கும்படி ஜனங்களுக்குச் சொல்லுகிறார். அவற்றைப் பழிக்கச் சொல்லவில்லை. கலாத்தியர் 6-ல் பவுல், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமப்பதே கிறிஸ்துவின் பிரமாணத்தை நிறைவேற்றுவதென்று போதிக்கிறார். புத்திசொல்லுவது எளிது; கூட நடப்பது அன்பு.

அந்தத் தாயாரோடு சபையின் பெண்கள் ஐக்கியத்தார் இருவர் மாலைதோறும் நடக்கத் தொடங்கினார்கள். எட்டு மாதத்தில் 4 கிலோ குறைந்தது. இன்னும் முழங்கால்போட முடியவில்லை. ஆனால் ஆட்டோ இல்லாமல் ஆலயத்துக்கு நடந்து வருகிறார்கள்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சியும் சிகிச்சையும் அளிக்க உதவுகிறது. அதோடு உங்கள் சபையில் கூட நடக்கத் துணை தேவைப்படுகிறவர் யார் என்று ஜெபத்தோடே பாருங்கள்.

கர்த்தருடைய பணியில்,
ஆஸ்பத்திரிக் குருவானவர்