எலும்பிலே தொடங்கும் நிணநீர்ப் புற்றுநோய்

நிணநீர்ப் புற்றுநோய் என்றதும் கழுத்திலோ கமக்கட்டிலோ தோன்றும் கட்டிகளே எமது நினைவுக்கு வரும். அரிதாக அது எலும்பினுள்ளேயே தொடங்குவதும் உண்டு. நிணநீர்ப் புற்றுநோய்கள் நூறில் ஒன்றோ இரண்டோதான் இவ்வகையைச் சேர்ந்தவை. 1928இல் ஒபர்லிங் என்பவர் இதனை விபரித்தார். 1939இல் பார்க்கர், ஜாக்சன் ஆகிய இருவரும் இதனைத் தனியொரு நோயாக எடுத்துக் காட்டினர். தொடை எலும்பிலேயே இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இந்நோய் பிடிபடச் சுணங்குவதற்குக் காரணம் உண்டு. பலருக்குக் காய்ச்சலோ உடல் மெலிவோ இராது. எலும்பு நோவு மட்டும் ஓய்வெடுத்தாலும், இரவிலும் விடாது. எம்மவர் வாதம் என்பார்கள், இந்நாட்டுக் குளிர் என்பார்கள், தைலத்தைப் பூசிக்கொண்டு இரவு வேலைக்கும் போவார்கள். எக்ஸ்ரே படமும் சிலவேளை பழுதில்லாததுபோலத் தோன்றும். ஒரு பற்றுச்சீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஆண்டுக் கணக்கை முடிப்பவன் கணக்காளன் அல்லன். நோவு வாரக்கணக்கில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. படம் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எனினும் படம் மட்டும் போதாது. எலும்பிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதித்த பின்னரே நோயின் பெயரைச் சொல்வார்கள். அதற்கு முன் ஸ்ரெறொயிட் குளிசை எடுத்திருந்தால் புற்றுக்கலங்கள் தற்காலிகமாகச் சுருங்கி, சோதனை முடிவு தெளிவற்றுப் போகலாம். ஊரிலிருந்து வந்த குளிசையானாலும், அயலவர் தந்ததானாலும் மறைக்காமல் காட்டுங்கள்.

நோய் வேறெங்கும் பரவியுள்ளதா என்று பெற் ஸ்கான் மூலம் பார்ப்பார்கள். எலும்புப் புற்று என்றதும் காலை எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறோம். இதற்கு அது வழக்கமல்ல. எலும்பு முறிந்தால், அல்லது முறியும் நிலையில் இருந்தால், அதைத் தாங்கவே சத்திரசிகிச்சை. முக்கிய சிகிச்சை மருந்துதான். றிற்றுக்சிமாப்புடன் வேறு நான்கு மருந்துகளைப் பெரும்பாலும் 21 நாட்களுக்கொரு தடவை, ஆறு தடவைகள் வரை கொடுப்பார்கள். பலருக்கு அதன்பின் கதிர்ச் சிகிச்சையும் உண்டு. றிற்றுக்சிமாப் உறங்கிக் கிடக்கும் ஈரல் அழற்சி பி வைரசை எழுப்பக்கூடும். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை அவசியம். ஓரிடத்தில் மட்டும் உள்ள நோய் பெரும்பாலானோருக்கு நன்கு கட்டுப்படுகிறது.

இவற்றையெல்லாம் கேட்டறிய, பள்ளி செல்லும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். பிள்ளை பயத்தில் பாதியை விழுங்கிவிடும். வைத்தியசாலையிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து பல மாதங்களின் பின்னும் படத்தில் எலும்பு பழுதாகவே தெரியலாம். அது ஆறிவரும் எலும்பாகவும் இருக்கலாம். முன்னைய படங்களுடன் ஒப்பிட்ட பின்னரே வைத்தியர் முடிவு சொல்வார்.