எண்ணெய் மணலும் ஒரு குளிர்நாட்டு நகரமும்

எண்ணெய் நகரம் என்றவுடன், தரையில் துளையிட்டதும் எண்ணெய் பீறிட்டு எழுந்தது, மறுநாளே நகரம் தோன்றிவிட்டது என்று பலரும் எண்ணுவது இயல்பு. கனடா நாட்டின் வடபகுதியிலுள்ள போர்ட் மக்மரியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே எண்ணெய் ஆற்றங்கரையிலேயே கண்ணுக்குத் தெரியும்படி கிடந்தது. ஆயினும், அதைக் கண்ட ஐரோப்பியர் அங்கு ஒரு நகரத்தை எழுப்ப ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. நகரத்தை உண்டாக்கியது எண்ணெய் மட்டுமன்று. அதை மணலினின்று பிரிக்கும் வழியும், அதற்குக் கிடைத்த விலையுமே ஆகும்.

இடமும் தட்பவெப்பமும்

ஆல்பர்ட்டா மாகாணத்தின் தலைநகரான எட்மண்டனுக்கு வடகிழக்கே, சாலை வழியாகச் சுமார் 435 கிலோமீட்டர் தொலைவில், கிளியர்வாட்டர் ஆறு அதபாஸ்கா ஆற்றுடன் கலக்குமிடத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. சுற்றிலும் ஊசியிலைக் காடுகளும், மஸ்கெக் எனப்படும் கரிச் சதுப்பு நிலங்களும் பரந்து கிடக்கின்றன. ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 17 டிகிரி சென்டிகிரேடு. சில இரவுகளில் அது 40 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு.

கிரீ, டெனே இன மக்கள் இப்பகுதியின் பழங்குடிகள். ஆற்றங்கரையில் ஊறி வழியும் தாரை மரப்பிசினுடன் கலந்து, தங்கள் மரப்பட்டைப் படகுகளின் இணைப்புகளில் நீர் புகாதவாறு அவர்கள் பூசி வந்தனர். 1778-ஆம் ஆண்டில் பீட்டர் பாண்ட் என்னும் தோல் வணிகர் இவ்வழியே வந்தார். 1870-இல் ஹட்சன் பே கம்பெனி இங்கு ஒரு வணிக நிலையத்தை நிறுவி, தன் அதிகாரிகளுள் ஒருவரான வில்லியம் மக்மரியின் பெயரை அதற்குச் சூட்டியது. 1899-இல் கனடா அரசும் இப்பகுதிப் பழங்குடியினரும் எட்டாம் உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். 1925-இல் ரயில் பாதை அருகிலுள்ள வாட்டர்வேஸ் வரை வந்தது. அப்போதும் ஊர் சிறிதாகவே இருந்தது; தோல் வணிகமும் ஆற்றுப் படகுப் போக்குவரத்துமே அதன் பிழைப்பு.

மணலிலிருந்து எண்ணெய்

அஸ்ஸாமிலுள்ள திக்பாயில் 1889-இல் தோண்டியதைப் போன்ற எண்ணெய்க் கிணறு இங்கே பயன்படாது. இங்குள்ளது பிட்டுமென் என்னும் கெட்டியான தார். குளிரில் அது ஓடவே ஓடாது. நல்ல எண்ணெய் மணலிலும் எடையில் பத்து அல்லது பன்னிரண்டு சதவீதமே பிட்டுமென் உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி மணலும் களிமண்ணும், சிறிதளவு நீரும் ஆகும். ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர் எண்ணெய் பெறச் சுமார் இரண்டு டன் மணலை வாரவேண்டும்.

இப்பிரச்சினைக்கு வழிகண்டவர் கார்ல் கிளார்க் என்னும் விஞ்ஞானி. அதபாஸ்கா மணலின் துகள்களை மெல்லிய நீர்ப்படலம் சூழ்ந்துள்ளது. பிட்டுமென் அதற்கு வெளியே இருக்கிறது. ஆகவே வெந்நீரும் சிறிது காரப்பொருளும் சேர்த்துக் கலக்கினால், பிட்டுமென் துகளை விட்டு விலகி, காற்றுக் குமிழிகளுடன் ஒட்டி நுரையாக மேலே மிதக்கும். மணல் அடியில் படியும். இம்முறையை 1920-களில் ஆராய்ந்த கிளார்க், 1929-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்றது வாணிபத்தில் உடனே வெற்றி பெறவில்லை. அபசாண்ட் என்னும் ஆலை 1941-இலும் 1945-இலும் தீக்கிரையாயிற்று. கிரேட் கனேடியன் ஆயில் சாண்ட்ஸ் என்னும் முதற் பேராலை 1967 செப்டம்பர் 30-ஆம் நாள் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 45,000 பீப்பாய் எண்ணெய் தரும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. திறப்பு விழாவைக் காணக் கிளார்க் இல்லை. 1966 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார்.

நகரின் வளர்ச்சியும் வாழ்க்கையும்

1961-இல் சுமார் 1,200 பேர் வாழ்ந்த ஊரில், 1971-இல் 6,847 பேரும், 1981-இல் 31,000 பேரும் வாழ்ந்தனர். 1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியதும், 1978-இல் இரண்டாவது பேராலை இயங்கத் தொடங்கியதும் இவ்வளர்ச்சிக்குக் காரணங்கள். வீடு கட்டும் வேகம் ஆட்கள் வரும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பலர் சக்கரம் பூட்டிய தற்காலிக வீடுகளிலும், ஆலைகளின் பாசறைகளிலும் தங்கினர். நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் 1992-இல் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டபின், அங்கு வேலையிழந்தவர்களுள் பலர் இந்நகரை நாடி வந்தனர்.

குளிர் இங்கே வேலை முறையையே வகுக்கிறது. கோடையில் சதுப்பு நிலத்தில் கனரக வண்டிகள் புதைந்துவிடும். ஆகையால் நிலம் உறையும் குளிர்காலத்திலேயே சதுப்பை அகற்றும் வேலை நடைபெறுகிறது. ஆனால் உறைந்த எண்ணெய் மணலோ பாறைபோல் இறுகி, தோண்டும் யந்திரங்களின் பற்களைத் தேய்க்கிறது. இரவில் நிறுத்திய மோட்டார் வண்டி காலையில் கிளம்புவதற்காக, அதன் எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கி வைப்பது வழக்கம்.

விலையின் ஏற்றத்தாழ்வு

இந்நகரத்தார் குளிரைச் சமாளிக்கக் கற்றனர். விலையைச் சமாளிப்பது கடினமாயிற்று. 2014-இன் நடுவில் ஒரு பீப்பாய் எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. மணலை வாரிச் சுடவைத்துப் பிரிக்கும் செலவோ அவ்வாறு குறையவில்லை. பலர் வேலை இழந்தனர். உச்ச விலைக்குக் கடன்பட்டு வீடு வாங்கியவர்கள் தவித்தனர். ஒரே பொருளை நம்பிய ஊரின் கூலியும் வாடகையும் கடைவாசலும் தொலைதூரச் சந்தையின் கையில் இருப்பதை இது காட்டிற்று.

நெருப்பும் பனிக்கட்டியும்

அந்த நெருக்கடியின் நடுவே 2016 மே 1-ஆம் நாள் நகரின் தென்மேற்கே காட்டுத்தீ மூண்டது. மே 3-ஆம் நாள் வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல் ஏறியது. வறண்ட காற்று தீயை ஊருக்குள் தள்ளியது. சுமார் 88,000 பேர் வெளியேற்றப்பட்டனர். தெற்கே செல்ல 63-ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றே வழி. தீ அச்சாலையை மறித்தபோது, ஆயிரக்கணக்கானோர் வடக்கே திரும்பி ஆலைகளின் பாசறைகளில் தஞ்சம் புகுந்தனர். சுமார் 2,400 கட்டிடங்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,90,000 ஹெக்டேர் நிலத்தில் தீ பரவிற்று. தீயில் நேரடியாக எவரும் உயிரிழக்கவில்லை. வெளியேறும் வழியில் நேர்ந்த மோட்டார் விபத்தில் இருவர் மாண்டனர். ஜூன் மாதம் முதல் மக்கள் திரும்பலாயினர்.

2020 ஏப்ரலில் ஆறே எதிரியாயிற்று. அதபாஸ்கா வடக்கு நோக்கிப் பாய்வது. வசந்தத்தில் தென்புறத்து மேற்பகுதியில் பனிக்கட்டி முதலில் உடைகிறது. வடபுறத்துக் கீழ்ப்பகுதி இன்னும் உறைந்தே இருக்கும். மிதந்து வரும் பாளங்கள் அங்கே முட்டி அணைபோல் குவிய, நீர் பின்வாங்கி ஊருக்குள் புகுந்தது. சுமார் 13,000 பேர் மீண்டும் வீடுகளை விட்டனர்.

தீராத ஒரு கேள்வி

மணலைக் கழுவிய நீர், நுண்ணிய களிமண்ணோடும் எண்ணெய் எச்சத்தோடும் பெருங்குளங்களில் தேக்கப்படுகிறது. களிமண் துகள்கள் படியப் பல பத்தாண்டுகள் ஆகும். 2008-இல் இத்தகைய குளமொன்றில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் மடிந்தன. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் பழங்குடியினர், தாங்கள் உண்ணும் மீனையும் பருகும் நீரையும் குறித்துத் தொடர்ந்து கவலை தெரிவித்து வருகின்றனர். ஊதியம் ஓரிடத்திலும் கழிவின் அச்சம் மற்றோரிடத்திலும் சேர்வதே இக்கேள்வியின் கடினம்.

வகுப்பறைச் சோதனை

ஒரு பிடி மணலை நீரில் நனைத்து வடித்துவிட்டு, சிறிது விளக்கெண்ணெய் விட்டுப் பிசைக. அதைப் பாதியாகப் பிரித்து இரு கண்ணாடிக் குடுவைகளில் இடுக. ஒன்றில் குளிர்ந்த நீரையும், மற்றொன்றில் வெந்நீருடன் சிட்டிகை சலவைச் சோடாவையும் சேர்த்துக் குச்சியால் கலக்குக. வெந்நீரை ஆசிரியரே கையாள வேண்டும். எதில் எண்ணெய் விரைவில் பிரிகிறது என்பதை மாணவர் நோக்கி எழுதுக.

பயிற்சி வினாக்கள்

1. எண்ணெய் இருப்பது தெரிந்திருந்தும் போர்ட் மக்மரி நகரமாக வளர நெடுங்காலம் ஆனதேன்?
2. வடக்கு நோக்கிப் பாயும் குளிர்நாட்டு ஆறுகளில் வசந்தகால வெள்ளம் ஏற்படுவது எவ்வாறு?
3. உங்கள் ஊர் எத்தொழிலை நம்பி வாழ்கிறது? அது நின்றால் மக்கள் நாடக்கூடிய மாற்றுத் தொழில் எது? பெருவிபத்து நேர்ந்தால் வெளியேற இரண்டாவது சாலை உண்டா? மாணவருடன் சென்று பார்த்து, வரைபடத்தில் குறிக்கவும்.