ஹிஜ்லி மாளிகை

கேள்வி: ராணுவத்தார் தங்கியிருந்த கட்டடமொன்று பிற்காலத்தில் கல்விநிலையத்தாரின் ஓய்வுப்பொழுதுக்குரிய ஸ்தலமாக மாறியதுண்டா?
— ஒரு வாசகர், புதுவாயல்

பதில்: உண்டு. தங்கள் ஊரருகே கவரைப்பேட்டையைக் கடந்து வடக்கே ஓடும் ஹௌரா ரயில்பாதையிலேயே, கரக்பூரை அடுத்த ஹிஜ்லியில் அது நிற்கிறது. 1930இல் தேசபக்தர்களை விசாரணையின்றி அடைத்துவைக்கும் தடுப்புமுகாமாக ஆங்கில அரசாங்கத்தாரால் ஆக்கப்பட்ட அம்மாளிகையில், 1931 செப்டம்பர் 16 இரவு, நிராயுதபாணிகளான கைதிகள்மீது காவலர் சுட்டதில் சந்தோஷ்குமார் மித்ராவும் தாரகேஸ்வர் சென்குப்தாவும் உயிர்நீத்தனர். அக்கொடுமையைக் கண்டிக்க, உடல்நலிவையும் பொருட்படுத்தாது, கவி தாகூரே கல்கத்தாப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினார். யுத்தம் முற்றிய 1944இலோ, அமெரிக்கரின் 20ஆவது குண்டுவீச்சு விமானப்படைத் தலைமையகம் அதே சுவர்களுக்குள் குடிபுகுந்து, பி-29 என்னும் ராட்சத விமானங்களைச் சீனாவழியே ஜப்பான்வரை ஏவிற்று. 1951இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. அங்கே வகுப்புகளைத் தொடங்கியது. கல்லூரிக்குப் புதுக் கட்டடம் எழுந்தபின், 1990இல் பழைய மாளிகை நேரு விஞ்ஞான தொழில்நுட்ப அருங்காட்சியகமாயிற்று. மாணவரும் ஊராரும் குழந்தைகளுடன் வந்து உலவும் அவ்விடத்துக்கு இன்று வழங்கும் பெயர், ஹிஜ்லி ஷஹீத் பவன், அதாவது தியாகிகள் இல்லம்.