ஆண்பனையும் பெண்பனையும்

தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கங்களிற் பரந்து கிடக்கும் செம்மணல் தேரியிலும், முற்காலத்தில் முத்துக்குளிப்பால் பேர்பெற்ற கடலோரத்திலும், குடிகளுக்கு நெடுங்காலம் சோறிட்ட விருட்சம் பனையேயாம். இதன் மட்டையில் எடுத்த தும்பு தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக அயல்நாடுகளுக்குக் கப்பலேறியது. இத்தகைய மரத்தில் ஆணை மட்டும் "காய்க்காத மரம்" என்று கருதி வெட்டுக்குக் கொடுப்பார் சிலர். அது எவ்வளவு நஷ்டமென்பதைப் பூவின் இயல்பை அறிந்தால் உணரலாம்.

பருத்தியிலும் வெண்டையிலும் ஒரே பூவில் மகரந்தமும் சூலும் உண்டு. பூசணியிலும் தென்னையிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆயினும் இரண்டும் ஒரே கொடியில் அல்லது ஒரே மரத்தில் உள்ளன. பனையிலோ மரமே வேறு. இந்நாட்டார் ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் வழங்குவர். அலகின் விரல்போன்ற கதிர்களில் சிறு பூக்கள் குழிகளிற் புதைந்திருந்து மலர்ந்து மகரந்தத்தைச் சொரியும். அதனைக் காற்றும் வண்டுகளும் பெண்பாளைக்குக் கொண்டு சேர்க்கும். பெண்பூவின் சூலகம் மூவறையுடையது. ஆகையால்தான் நுங்கில் மூன்று கண் வரை காண்கிறோம். மகரந்தம் எட்டாத பூவில் வித்து உண்டாவதில்லை. நுங்கும் கிழங்கும் பெண்பனையின் பலனென்று எண்ணுகிறோம். அவற்றில் ஆண்பனைக்கும் பாதிப் பங்குண்டு.

அரபு நாட்டார் பேரீச்சையின் ஆண்கதிரை வெட்டிப் பெண்பாளையிற் கட்டிக் கருவூட்டுவர். அதனால் சில ஆண்மரங்களே அவர்களுக்குப் போதும். தேரிப்பனைக்கு அவ்வாறு செய்வார் இல்லை. மேலும், பாளையைச் சீவிப் பதநீர் இறக்கினால் பூவுக்குச் செல்ல வேண்டிய உணவே கலயத்தில் வடிந்துவிடுகிறது, அப்பாளை காய்க்காது. எனவே விடிலியில் கருப்பட்டி காய்ச்சும் ஊர்களில், விதைக்கென்று சில பெண்பனைகளையும், அவற்றின் அருகே சில ஆண்பனைகளையும் சீவாது விடுதல் அவசியம்.

வெட்டிய பனை தழைக்காது. வேம்பும் புளியும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். பனைக்கோ உச்சிக் குருத்து ஒன்றே உயிர்நிலை. அதன் வைரம் புறத்தேயும் சோறு அகத்தேயும் உள்ளது. மரப்பட்டைக்கடியில் ஆண்டுதோறும் தடிக்கும் வளர்படலம் இதற்கில்லை. புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் அகத்தே உடையதை மரமென்றும் தொல்காப்பியம் பிரித்தது. பனையை நெல்லோடும் புல்லோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரமென்னும் இக்கால சாஸ்திரமும் அதற்கு வெகு தூரமன்று. தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனையை மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டலாகாதென 2021-ம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதை, கிராம நிர்வாக அலுவலர்கள் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.

இனி நடுதல். கொட்டையைப் பார்த்தோ வடலியைப் பார்த்தோ ஆண், பெண் அறிய இயலாது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு கழித்துப் பாளை விட்ட பின்னரே தெரியும். நட்டவற்றில் ஏறக்குறைய பாதி ஆணாகலாம். அதற்குத் தக்கபடி மிகுதியாக நடவேண்டும். ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழுந்த கொட்டைகளைத் திரட்டி, பத்தடிக்கு ஒன்றாக, இருக்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுக. முளை முதலில் மேலே வருவதில்லை. குழாய்போல் கீழ்நோக்கி இறங்கி, கருவை ஆழத்திற் கொண்டு வைத்த பின்பே குருத்து மேலெழும். தேரியின் மேல்மண் காய்ந்தாலும் பயிர் சாகாதிருப்பது இதனாலேயே. பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழையாததும் இதனாலேயே. தை மாதத்தில் கிழங்குக்காகத் தோண்டும் பாத்தி வேறு, மரத்திற்காக ஊன்றும் வரப்பு வேறென முன்னரே பிரித்துவிட வேண்டும். வரப்பில் ஊன்றியதை ஆடுமாடு மிதியாமல் முதல் சில ஆண்டுகள் முள்ளிட்டுக் காத்தால் போதுமானது.