பச்சைக்கொடியை அழுத்திய பிறகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகாகிய 'காட்சித் தொடர்பு', ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளை நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தின் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் உலகுக்கு அளித்த இம்மென்பொருளில், கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யாமல், வண்ண வண்ண பிளாக்குகளாக எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி, பச்சைக்கொடியை அழுத்தினால் நிரல் ஓடத் தொடங்கிவிடும். மேடை, அதில் இயங்கும் உருவமாகிய ஸ்பிரைட், பிளாக்குகளைப் பொருத்தும் இடமாகிய ஸ்கிரிப்ட் எடிட்டர் என்னும் பெயர்களை மனனம் செய்து தேர்வெழுதுவதோடு நின்றுவிடாமல், எங்கள் பேராவூரணி வட்டாரத்துப் பிள்ளைகள் தாமே ஒரு சிறு விளையாட்டையேனும் அமைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவ்வாறு முனைவோரை நிரலில் நேரும் பிழையைவிட, பிழையைப் பற்றி நிலவும் சில தவறான அபிப்பிராயங்களே அதிகமாகச் சோர்வடையச் செய்கின்றன. ஆகையால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

நம்பிக்கை 1: பிளாக்குகளைப் பொருத்தி அமைக்கும் நிரலில் பிழையே நேராது.

உண்மை: நேராமல் தடுக்கப்படுவது இலக்கணப் பிழை மாத்திரமே. ஒன்றுக்கொன்று இணங்காத பிளாக்குகள் ஒட்டா. அதனால், எழுத்தில் அமையும் நிரல்களில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டதற்காக மணிக்கணக்கில் தேடும் துன்பம் இங்கு இல்லை. ஆனால் சிந்தனையில் உள்ள பிழையைத் தடுக்கும் சக்தி எந்த வடிவத்துக்கும் கிடையாது. அதிலும் ஸ்கிராட்ச், தவறு நேர்ந்தபோது எச்சரிக்கை எழுப்பாமல் மௌனமாகவே மேலே செல்லும் இயல்புடையது. 'எத்தனை தேங்காய்?' என்று நிரல் கேட்க, பயனர் 10 என்று எண்ணால் எழுதாமல் 'பத்து' என்று எழுத்தால் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காய் ஒன்று 15 ரூபாய் என்று பெருக்கும் பிளாக், எண்ணல்லாத அச்சொல்லைப் பூஜ்யமாகக் கொண்டு, மொத்த விலை 0 என்று சற்றும் தயங்காமல் அறிவித்துவிடும். பிழைச்செய்தி வரவில்லை என்பது, விடை சரி என்பதற்கு நிரூபணம் ஆகாது.

நம்பிக்கை 2: சரியாக ஓடாவிட்டால் கணினியில் கோளாறு, நிறுத்தி மீண்டும் தொடங்கினால் தானே சரியாகும்.

உண்மை: மிகப் பெரும்பாலான சமயங்களில் கணினி நாம் சொன்னதைத்தான் செய்திருக்கும்; நாம் சொல்ல நினைத்ததைச் செய்திராது. சிவப்பு நிறத்திலுள்ள நிறுத்தப் பொத்தான், ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளை நிறுத்துமேயன்றி, மதிப்பெண்ணையோ ஸ்பிரைட்டின் இடத்தையோ பழைய நிலைக்கு மீட்டுவராது. முந்தைய ஆட்டத்தின் முடிவில் மதிப்பெண் 40 ஆக இருந்தால், அடுத்த ஆட்டமும் 40-இலேயே தொடங்கும். ஆட்ட முடிவில் மறைக்கப்பட்ட ஸ்பிரைட் அடுத்த முறையும் மறைந்தே இருக்கும். கோப்பைச் சேமித்து மறுநாள் திறந்தாலும், மதிப்பெண் போன்றவற்றைத் தாங்கும் மாறியின் மதிப்பு அப்படியே நிற்கும். எனவே, பச்சைக்கொடி பிளாக்கின் கீழ் முதல் காரியமாக மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்குவது, ஸ்பிரைட்டை அதன் இடத்தில் நிறுத்துவது, அதைக் காட்டச் செய்வது ஆகிய மூன்றையும் வைக்கும் வழக்கம் ஆரம்பத்திலேயே வேரூன்ற வேண்டும்.

நம்பிக்கை 3: பிழை வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்வதே சுலபம்.

உண்மை: அழித்துவிட்டால் பிழையோடு அதன் காரணமும் மறைந்துவிடுகிறது, காரணம் அறியப்படாத பிழை அடுத்த நிரலிலும் வந்து சேரும். கல்லணைக் கால்வாயின் கடைமடையிலுள்ள நம் ஊர் விவசாயி, வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலையே தூர்த்துவிட்டுப் புதிதாக வெட்டப் புகுவதில்லை. நடுவில் ஒரு மதகுக்குச் சென்று பார்க்கிறார். அங்கே தண்ணீர் இருந்தால் அடைப்பு அதற்குக் கீழே, இல்லையானால் அதற்கு மேலே என்று நிச்சயித்து, எஞ்சிய பாதியை மறுபடியும் பாதியாக்கித் தேடுகிறார். நிரலில் பிழை தேடும் சாஸ்திரமும் இதுவே.

விழும் தேங்காயைக் கூடையில் பிடிக்கும் ஒரு விளையாட்டை உதாரணமாகக் கொள்வோம். தேங்காய் ஒவ்வொரு சுற்றிலும் 5 அலகு கீழே இறங்குகிறது. கூடையைத் தொட்டால் மதிப்பெண் 1 கூட வேண்டும். ஓட்டிப் பார்த்தால் ஒரே தேங்காய்க்கு 10 கூடுகிறது. இங்கே கூட்டும் பிளாக்கைச் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் அந்த ஒரு பிளாக்கைத் தனியே எடுத்து மவுஸால் அழுத்தினால், மதிப்பெண் சரியாக 1 மட்டுமே கூடுவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். ஆகவே அது நிரபராதி. அடுத்து, சுழற்சிக்குள் அரை விநாடி காத்திருக்கும் பிளாக் ஒன்றைச் செருகி ஓட்டினால், தேங்காய் கூடையைத் தொட்ட கணம் முதல் அதை முழுவதும் கடந்து செல்லும் வரை, 50 அலகு தூரம், கூடையைத் தொட்டுக்கொண்டே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். வழக்கமான வேகத்தில் விநாடிக்கு 30 முறை சுற்றும் அச்சுழற்சி, 'தொடுகிறதா?' என்று 10 முறை கேட்டு, 10 முறையும் 'ஆம்' என்ற விடையைப் பெற்றிருக்கிறது. மதிப்பெண்ணைக் கூட்டியவுடன் தேங்காயை மேடையின் உச்சிக்கு அனுப்பும் ஒரு பிளாக்கைச் சேர்த்தால் கோளாறு தீர்ந்தது.

இதற்கு வேண்டிய உபாயங்கள் எல்லாம் ஸ்கிராட்சிலேயே உள்ளன. மாறியின் பெயருக்கு அருகிலுள்ள சிறு பெட்டியில் குறியிட்டால் அதன் மதிப்பு மேடையிலேயே தெரியும். ஸ்பிரைட்டைப் பேசவைக்கும் பிளாக்கை நடுவே வைத்தால், நிரல் அந்த இடத்தை எட்டியதா என்பது விளங்கும். சந்தேகத்துக்குரிய பகுதியைத் தொகுப்பிலிருந்து பிரித்து ஓரமாக வைத்தால், அது அழியாமலும் ஓடாமலும் காத்திருக்கும். ஒரு சமயத்தில் ஒரேயொரு மாற்றம் என்னும் நியமத்தை மட்டும் மீறலாகாது; இரண்டை ஒருங்கே மாற்றியவனுக்கு, பிழை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது விளங்காது.

நம்பிக்கை 4: ஒருமுறை சரியாக ஓடிவிட்டால் நிரலில் பிழை இல்லை.

உண்மை: ஒருமுறை சரியாக ஓடியது என்பதற்கு, அந்த ஒரு சந்தர்ப்பத்தில் பிழை வெளிப்படவில்லை என்பதே பொருள். ஸ்கிராட்ச் மேடையின் அகலம் 480 அலகு. நடுவைப் பூஜ்யமாகக் கொண்டு இடப்புறம் –240 வரையும் வலப்புறம் 240 வரையும் அது செல்லும். தேங்காய் இந்த எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம், கூடையோ 200-க்கு மேல் நகராது என்று அமைந்துவிட்டால், பல ஆட்டங்களில் ஒரு குறையும் தோன்றாமல், தேங்காய் ஓரத்தில் விழும் அன்றைக்கு மட்டும் ஆட்டம் அநியாயமாகத் தோற்கும். சோதனை பிழை இருப்பதைக் காட்டக்கூடும், பிழையே இல்லை என்பதை ஒருபோதும் காட்டாது என்னும் கருத்தை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் கணினி அறிஞர் 1969-இலேயே வலியுறுத்தினார். ஆதலால் இரு ஓரங்களிலும், பூஜ்யத்திலும், எதிர்பாராத விடைகளிலும் வேண்டுமென்றே நிரலைச் சோதிப்பது அவசியம்.

நம்பிக்கை 5: இதெல்லாம் குழந்தைகளின் பொழுதுபோக்கு, உண்மையான வேலைக்கு உதவாது.

உண்மை: நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட லேப்வியூ என்னும் கருவியில், பொறியாளர்கள் படங்களைக் கம்பிகளால் இணைத்தே ஆய்வகக் கருவிகளை இயக்குகிறார்கள். அதில் நிரல் ஓட இயலாத நிலையில் இருந்தால், ஓட்டும் பொத்தானின் அம்பு முறிந்து தோன்றும்; மின்விளக்குப் பொத்தானை அழுத்தினால், தகவல் கம்பி வழியே செல்வதை மெதுவாகக் காட்டும்; வேண்டிய கம்பியில் புரோப் என்னும் அளவிடும் கருவியை வைத்து அதன் மதிப்பைப் படிக்கலாம். தொழிற்சாலை இயந்திரங்களை ஆளும் பி.எல்.சி. கருவிகளுக்கும் ஏணி வடிவப் படமாக நிரல் எழுதும் முறை உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. காத்திருக்கும் பிளாக்கைச் செருகி, மாறியின் மதிப்பை மேடையில் பார்த்துப் பழகிய மாணவன், அந்தப் பொறியாளர் செய்யும் காரியத்தின் முதற்பாடத்தை ஏற்கெனவே கற்றுவிட்டான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சார், ஓடலை' என்று ஒரு பிள்ளை அழைக்கும்போது, அதன் கையிலிருந்து மவுஸை வாங்கி நாமே சரிசெய்துவிட வேண்டாம்; அது அன்பினால் செய்யும் உதவியேயாயினும், பாடத்தின் சாரத்தை அப்பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்வதாகவே முடியும். என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது, எந்த பிளாக் வரை நினைத்தபடி நடந்தது என்னும் மூன்று கேள்விகளைப் பொறுமையோடு கேளுங்கள். இவற்றுக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை, பாடநூல் மாறினாலும் மென்பொருள் மாறினாலும், தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும்.